பரீட்சை முடிகிற வரைக்கும்

மூன்று கணினிகளும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றன. கறுப்புத் திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றும். இதோ எழுந்துவிட்டது என்று நினைக்கும்போது திரை முழுவதும் நீலமாகிவிடும். அடியில் ஒரு கோப்பின் பெயர் வெள்ளை எழுத்தில் வரும். பிறகு தானே அணைந்து, தானே தொடங்கி, மறுபடியும் அதே நீலம். காலையிலிருந்து தங்கமணி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்வர் அறைக் கதவைப் பாதி திறந்து பஷீர் அஹமது எட்டிப் பார்த்தார்.

"என்னா மேடம், நம்ம புள்ளைங்க இன்னும் எந்திரிக்கலயா?"

"எங்க பாய்! எழுப்புனா மூஞ்சியக் காட்டிட்டுத் திரும்பிப் படுத்துக்குதுங்க."

"எங்க வூட்லயும் அதே கததான். பரீட்சை நடக்குதேன்னு மகள விடிகாலையில எழுப்பறேன். 'அஞ்சு நிமிஷம் அத்தா'ன்னு போர்வைய இழுத்துக்குது."

சிரித்துவிட்டுப் போனார். தங்கமணியும் சிரித்தாள். ஓசூர் குளிருக்கென்று வாங்கிய ஸ்வெட்டரை மார்ச் வெயிலிலும் போட்டுக்கொண்டு அந்த ஏசி அறைக்குள் உட்கார்ந்திருக்கிற பிழைப்பு அவளுடையது. அங்கே வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவர் பஷீர் பாய் ஒருவர்தான்.

நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். அந்தக் கம்பெனியில் லாரி பிரேக்குக்குக் காற்று விடுகிற வால்வுகள் செய்தார்கள். செய்த வால்வு ஒவ்வொன்றையும் டெஸ்ட் ரூமில் பெஞ்சில் பூட்டி, காற்றை ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். மூன்று பெஞ்ச், மூன்று பழைய கணினி. ஒவ்வொரு கணினிக்குள்ளும் காற்றழுத்தத்தைப் படித்துச் சொல்ல ஒரு கார்டு. இவற்றைக் கட்டி மேய்க்கிறவர் பஷீர் அஹமது. அவருக்குக் கீழே சென்றாயனும் இன்னும் இரண்டு பேரும்.

அந்த வருஷம் வால்வுப் பிரிவையே புனே பக்கம் கொண்டுபோவது என்று தலைமை அலுவலகம் முடிவுசெய்தது. மற்றவர்களுக்குக் கணக்கு முடித்தாகிவிட்டது. டெஸ்ட் ரூம் ஆட்கள் நான்கு பேரை மட்டும் பெஞ்சுகளோடு கூடவே அழைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அந்தப் பெஞ்சுகளின் குணம் அவர்களுக்குத்தான் தெரியும் என்பதால். ஆனால் கணினிகள் லாரிப் பயணத்தைத் தாங்குகிற வயதில் இல்லை. ஆகவே அவற்றுக்குள் இருப்பதை அப்படியே எடுத்து, சர்வருக்குள் மூன்று விர்ச்சுவல் மெஷின்களாக ஆக்க வேண்டும். விர்ச்சுவல் மெஷின் என்றால் பெட்டியும் இரும்பும் இல்லாமல், சர்வருக்குள் ஒரு கோப்பாக மட்டுமே இருந்துகொண்டு கணினியின் வேலையைச் செய்கிற கணினி. அவை மூன்றும் எழுந்து வேலை செய்கின்றன என்று தங்கமணி எழுதி அனுப்பினால், மறுநாள் லாரி வரும். லாரியோடு பஷீர் பாயும் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும்.

அவர் மகள் நபீலா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை தொடங்கியிருந்தது.

தங்கமணிக்கு நபீலாவைத் தெரியும். கம்ப்யூட்டர் சயன்ஸில் சந்தேகம் என்று ஒரு சனிக்கிழமை அப்பாவோடு கம்பெனிக்கு வந்தவள், பிறகு வாட்ஸ்அப்பில் கேள்வியாகக் கேட்டுத் தள்ளினாள். கேள்விக்கு முன்னால் ஒரு "ஆன்ட்டி", பின்னால் ஒரு "ஆன்ட்டி". தங்கமணிக்குப் பிள்ளை இல்லை. அந்த ஆன்ட்டிகளை அவள் அழிப்பதே இல்லை.

போன வாரம் கேன்டீனில் தட்டைக் கழுவிக்கொண்டே பஷீர் பாய் சொன்னார்: "பரீட்சை முடியற வரைக்கும் உங்க மெஷினு எந்திரிக்காம படுத்துக் கெடந்துச்சின்னா எனக்குப் புண்ணியமாப் போவும் மேடம்."

சென்றாயன் பக்கத்துக் குழாயிலிருந்து, "அட, அதுக்கென்ன பாய், நான் போய் ஒயர உருவிட்டு வர்றேன்" என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள்.

அவர்கள் இரண்டு பேரும் அதை அங்கேயே மறந்துவிட்டார்கள். தங்கமணி மறக்கவில்லை.

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் அவளுக்குக் காரணம் பிடிபட்டுவிட்டது. நீலத்திரையில் வருகிற பெயர் அந்தக் கார்டை இயக்குகிற 'டிரைவர்' என்ற நிரல் கோப்பின் பெயர். கணினி கண் விழிக்கும்போதே அந்த டிரைவரும் விழித்துக் கார்டைத் தேடும். பழைய பெட்டியில் கார்டு இருந்தது. இங்கே பெட்டியே இல்லை, கார்டுக்கு எங்கே போவது? தேடிக் கிடைக்காமல் அது விழும்போது மொத்தக் கணினியையும் பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்தது. புனேயில் அழுத்தக் கணக்கு வேறு வழியாக, நெட்வொர்க்கில் வரப்போகிறது. ஆகையால் இந்தக் கோப்பே இனித் தேவையில்லை.

முதல் மெஷினின் டிஸ்க்கை நல்ல நிலையிலிருந்த இன்னொரு மெஷினில் மாட்டினாள். டிரைவர்கள் இருக்கிற ஃபோல்டரைத் திறந்து, அந்தக் கோப்பின் பெயருக்குப் பின்னால் 'பழையது' என்று சேர்த்தாள். பெயர் மாறினால் கணினி அதை அடையாளம் காணாது, தேடாது, விழாது. டிஸ்க்கைத் திருப்பி மாட்டி இயக்கினாள்.

புள்ளிகள் சுற்றின. நீலம் வரவில்லை. சாம்பல் நிறத்தில் டெஸ்ட் ரூமின் திரை அப்படியே வந்து நின்றது. மூலையில் பஷீர் பாய் தமிழில் அடிக்கச் சொல்லிப் போட்டுவைத்த வரி: 'காற்றை இறக்கிவிட்டு வெளியேறவும்.' பெஞ்சில் அழுத்தத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல் யாரும் ஷிப்ட் முடித்துப் போகக் கூடாது. அது அந்த ரூமின் சட்டம். அவர் லீவில் இருந்தாலும் போன் போட்டு, "காத்த எறக்கிட்டீங்களா?" என்று கேட்பார்.

அந்த நேரம் பார்த்து நபீலாவின் செய்தி வந்தது. 'ஆன்ட்டி, இங்கிலீஷ் ஓகே. அடுத்தது மேத்ஸ். ரொம்ப பயமா இருக்கு.'

தங்கமணிக்குச் சொந்த ஊர் கல்லாவி. ஊத்தங்கரையில் பன்னிரண்டாவது படித்தபோது, கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் அவள் வீட்டை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அப்பாவின் வேலை அப்படி. புத்தகங்கள் எந்த மூட்டையில் இருக்கின்றன என்று தெரியாமல், வெறும் தரையில் உட்கார்ந்து, நினைவிலிருந்ததை வைத்துப் படித்துவிட்டுப் போய் எழுதினாள். என்ஜினீயரிங் நினைத்தவள் டிப்ளமோவில் வந்து நின்றாள். அதைப் பற்றி யாரிடமும் குறைபட்டுக்கொண்டதில்லை. ஆனால் அந்த மூட்டைகள் மட்டும் இன்றைக்கும் கனவில் வரும்.

அவள் மெஷினை அணைத்தாள். டிஸ்க்கைக் கழற்றி மறுபடி அந்த இன்னொன்றில் மாட்டினாள். கோப்பின் பெயரிலிருந்து 'பழையது' என்பதை எடுத்துவிட்டாள். இயக்கினாள். நீலம் வந்தது.

காலில் தைத்ததைப் பிடுங்கி, கையில் வைத்துப் பார்த்துவிட்டு, திரும்ப அதே இடத்தில் குத்திவைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஆனாலும் மனசு லேசாகத்தான் இருந்தது.

இதை அவள் பஷீர் பாயிடம் சொல்லவில்லை. செய்கிற உதவியை வாயால் சொன்னால் அது உதவி இல்லை, சொல்லிக்காட்டுவது. அப்படித்தான் அவளை வளர்த்திருந்தார்கள். அவருக்கும் புரிந்திருக்கும் என்று நினைத்தாள். அவர்தானே கேட்டார்? நேராகக் கேட்க முடியாததை விளையாட்டாகக் கேட்டார், அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து பஷீர் பாய் இரண்டு வேளையும் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏதாச்சும் வழி தெரியுதா மேடம்?"

"பாக்கறேன் பாய். டிரைவர் மாதிரி ஏதோ."

"பாத்து சீக்கிரம் முடிச்சிடுங்க மேடம். புனேக்காரங்க பொறுமையா இருக்கறப்பவே முடிச்சிட்டா தேவல."

முகத்தில் கவலை தெரிந்தது. மற்றவர்கள் காதில் விழுமே, வேறு எப்படிக் கேட்பார், பாவம், நன்றாகத்தான் நடிக்கிறார் என்று தங்கமணி நினைத்தாள். அவளும் பதிலுக்கு நடித்தாள். நெற்றியைச் சுருக்கினாள், தலையைச் சொறிந்தாள்.

சென்றாயன் தெலுங்கும் தமிழுமாக வந்து வம்பிழுத்தான். "ஏமி மேடம், பேய்கீய் புடிச்சிருக்குதா? பாகலூர் பக்கம் ஒரு சாமியாரு கீறாரு. கூட்டியாந்து சர்வருக்கு ஒரு தாயத்து கட்டிடலாம்."

"உனக்கே கட்டலாம் சென்றாயா, வாய் கொஞ்சம் அடங்கும்."

"கட்டுங்க மேடம், நான் வேணாங்கல. ஆனா அத எழுப்பிவுடுங்க. புனேல ரூம் பாத்து வெச்சிட்டேன். இங்க இருந்து நான் என்னா பண்றது? எங்கூர் நாட்றாம்பாளையத்துல ராகிக் கொல்லைக்கு யானை வருதான்னு மரத்து மேல குந்திப் பாக்கணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவளும் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். இன்னும் கொஞ்ச நாள்தானே, ஓடிப்போய்விடும் என்று தோன்றியது.

புனேயிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை வீடியோவில் பேசுவார்கள். மேனேஜர் அசோக்குமார் நடுவில் உட்கார்ந்திருப்பார். அங்கிருந்த பெரியவர், "அவசரமில்லை, நிதானமாகப் பாருங்கள்" என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். குரல் உயர்த்தவில்லை, கெடு வைக்கவில்லை. தங்கமணி அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாள். பொறுமையாக இருக்கிறவன் சும்மா இருக்கிறான் என்று அர்த்தமில்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

கணக்கு முடிந்தது. 'சூப்பரா எழுதினேன் ஆன்ட்டி' என்று வந்தது. இயற்பியல் முடிந்தது. கம்ப்யூட்டர் சயன்ஸ் முடிந்தது. வேதியியல் ஒன்றுதான் பாக்கி. அது முடிந்த அன்று சாயங்காலமே கோப்பின் பெயரை மாற்றி, மூன்றையும் எழுப்பி, புனேவுக்கு எழுதிவிடுவது என்று வைத்திருந்தாள். அனுப்பவேண்டிய கடிதத்தைக்கூட எழுதித் தயாராக வைத்திருந்தாள்.

வேதியியலுக்கு முந்தின நாள் காலையில் அசோக்குமார் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காரும்மா. இனிமே அந்த மெஷினுங்களப் போட்டுக் கஷ்டப்படாதே. புது பெஞ்ச் வாங்கிட்டாங்களாம். எல்லாம் புதுசு. ஓட்டறதுக்கு ஆளும் அந்தக் கம்பெனியே குடுக்குது."

"அப்ப நம்ம ஆளுங்க சார்?"

"நாலு பேருக்கும் இங்கியே கணக்க முடிக்கச் சொல்லிட்டாங்க."

"சார், நாளைக்கே எந்திரிச்சிடும் சார். ஏன், இன்னைக்கே. இப்பவே நான் போயி…"

"ஆர்டர் போட்டாச்சும்மா. பழசு எழுந்திருக்குமோ இல்லையோன்னு எத்தினி நாளுக்குக் காத்துனு இருப்பாங்க?"

அவள் கெஞ்சியதைப் பார்த்து அவரே புனேவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கம் பெரியவர் அன்பாகத்தான் பேசினார். நீங்கள் உங்களால் ஆனதைச் செய்தீர்கள், வருத்தப்படாதீர்கள், சில பழைய இயந்திரங்கள் அப்படித்தான் என்றார்.

மூன்று பெஞ்சுகளையும் பழைய இரும்புக்குப் பேசிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து லாரி வந்தது, ஆனால் அது அத்திப்பள்ளியிலிருந்து வந்த காயலான் கடை லாரி. சென்றாயன் அன்று ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை. பெஞ்சைத் தூக்கும்போது கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்த லாரிக்காரனிடம், "மெல்ல, மெல்லப்பா" என்று மட்டும் சொன்னான். எப்படியும் உடைக்கத்தான் போகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன?

மதியத்துக்கு மேல் பஷீர் பாய் சர்வர் அறைக்கு வந்தார். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் சின்ன டப்பா.

"நபீலாவுக்கு நேத்தோட பரீட்சை முடிஞ்சிது மேடம். அவங்கம்மா கேசரி பண்ணா. அவ கையால பண்ணா நெய் வழியும், பாத்து சாப்புடுங்க." டீயை மேசைமேல் வைத்தார். "சூடா இருக்குது, ஆறட்டும்."

எதிரே உட்கார்ந்தார்.

"மேடம், கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. அந்த மெஷினுங்க ஒண்ணாச்சும் எந்திரிச்சிதா? ஒரு தடவ அந்த ஸ்கிரீனப் பாத்துட்டுப் போலாம்னு தோணுது. பெஞ்சத்தான் ஏத்திட்டாங்க."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். முடியவில்லை பாய் என்றால் நம்பிவிட்டு எழுந்து போயிருப்பார். தங்கமணியால் அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை நடிக்க முடியவில்லை. டிஸ்க்கை மாட்டினாள். ஃபோல்டரைத் திறந்தாள். பெயரை மாற்றினாள். திருப்பி மாட்டி இயக்கினாள். புள்ளிகள் சுற்றின. சாம்பல் திரை வந்தது. மூலையில் அவருடைய வரி.

பஷீர் பாயின் முகம் முதலில் மலர்ந்தது. "அடேயப்பா" என்றார். பிறகு மேசைமேல் பார்த்தார். டீயிலிருந்து இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது. பூட்டி, காற்றேற்றி, எங்கே கசிகிறது என்று வாழ்நாளெல்லாம் பார்த்த மனிதர் அவர்.

"இவ்ளோதானா மேடம் வேல?"

"இவ்ளோதான் பாய்."

"இது எப்பத் தெரிஞ்சிது உங்களுக்கு?"

"அன்னைக்கே. நீங்க வந்து, புள்ளைங்க எந்திரிக்கலயான்னு கேட்டீங்களே, அன்னைக்கு மத்தியானம்."

அவளே தொடர்ந்தாள். "நபீலா பரீட்சை முடியட்டும்னுதான் பாய். நீங்க கேன்டீன்ல சொன்னீங்க. மெஷினு எந்திரிக்காம இருந்தா புண்ணியமாப் போவும்னு."

பஷீர் பாய்க்கு நினைவுக்கு வரச் சற்று நேரம் பிடித்தது. வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது சும்மா சொன்னதுங்க மேடம். தட்டு கழுவிக்கினே சிரிப்புக்குச் சொன்னது. ஜூஜுவாடில என் தங்கச்சி வூடு இருக்குது. நபீலா அங்க தங்கி எழுதட்டும்னு பொட்டிகூடக் கட்டி வெச்சிருந்தோம். ரெண்டு வேளையும் வந்து கேட்டேனே உங்கள. நெசமாத்தான் மேடம் கேட்டேன்."

"தெரியாமப் போச்சு பாய். நீங்க ஒப்புக்குக் கேக்கறீங்கன்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மேடம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார். தங்கமணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவருக்கு ஐம்பது நெருங்குகிறது. சிப்காட்டில் எந்தக் கேட்டில் போய் நின்றாலும் வயதைக் கேட்டதும் முகத்தைத் திருப்புவார்கள். இரண்டு பேருக்கும் அது தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

கடைசியில் பஷீர் பாய் நாற்காலியை முன்னால் இழுத்து மவுஸைப் பிடித்தார். திரையில் காற்றை இறக்குகிற பொத்தான் இருந்தது. அந்தப் பக்கம் பெஞ்சும் இல்லை, காற்றும் இல்லை. ஆனாலும் அதை அழுத்தினார். எண் பூஜ்யத்தில்தான் நின்றிருந்தது, பூஜ்யத்திலேயே நின்றது. ஒருமுறை சரிபார்த்துவிட்டு, முறைப்படி வெளியேறி, மெஷினை அணைத்தார்.

எழுந்து கதவு வரைக்கும் போனவர் திரும்பினார்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு. நபீலாகிட்ட இதச் சொல்லிடாதீங்க. அவ பரீட்சைக்காகத்தான் இப்படி ஆச்சுன்னு தெரிஞ்சா எந்த மார்க் வந்தாலும் அந்தப் புள்ளைக்கு ஒட்டாது."

தங்கமணி தலையை ஆட்டினாள்.

சாயங்காலம் கேட்டுக்கு வெளியே நபீலா ஸ்கூட்டியோடு நின்றிருந்தாள், அப்பாவின் சாமான்களை எடுத்துப்போக வந்தவள். காலடியில் ஒரு அட்டைப் பெட்டி. அதில் அவருடைய டிபன் கேரியர், ஒரு ஜோடி ஷூ, டெஸ்ட் ரூமின் சுவர்க் கடிகாரம். பஷீர் பாய் செக்யூரிட்டியிடம் அடையாள அட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி! கெமிஸ்ட்ரி பட்டாசு! கேசரி சாப்டீங்களா?"

"சாப்டேன்டா கண்ணு" என்றாள். டப்பா திறக்கப்படாமல் அவள் பையில் இருந்தது.

நபீலா கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "அம்மாதான் ஆன்ட்டி, ரொம்ப அழறாங்க. அந்த மேடம் கொஞ்சம் சீக்கிரம் சரிபண்ணியிருந்தா போயிருக்கலாமேன்னு நேத்து சொல்லிட்டாங்க. அத்தாவுக்கு வந்திச்சே கோவம்! அந்தம்மா சோறு தண்ணி இல்லாம அதோட போராடினாங்க, அவங்கள ஒரு வார்த்த சொல்லாதேன்னு கத்திட்டாரு. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க ஆன்ட்டி."

தங்கமணி கீழே குனிந்து அட்டைப் பெட்டியைத் தூக்கினாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது, பேட்டரியை யாரும் எடுக்கவில்லை. பெட்டியை ஸ்கூட்டியின் முன்பக்கம் கால் வைக்கிற இடத்தில் வைத்து, ஆடாமல் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள்.

பஷீர் பாய் வந்தார். அவளைப் பார்த்தார். மகள் எதிரில் எப்போதும் பேசுகிற குரலிலேயே, "வரேன் மேடம்" என்றார்.

இப்போது அவர் நடிக்கிறார் என்பது தங்கமணிக்கு நன்றாகத் தெரிந்தது.

"போய்ட்டு வாங்க பாய்" என்றாள் அவளும்.